குடிக்காத அண்ணன் செய்த சத்தியம்

திருப்பதியில் நான் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் என்னை "மூளை மேடம்" என்பார்கள். தலைவலி வந்தால் என் கதவைத் தட்டுவார்கள். நான் வைத்தியர் இல்லை, மூலக்கூறு நரம்பியல் ஆய்வு செய்து ஓய்வுபெற்றவள் என்று சொன்னால், "பரவால்ல மேடம், மாத்திரை பேராவது சொல்லுங்க" என்பார்கள். பாராசிட்டமால் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். என் பணிக்காலம் முழுவதும் சேர்த்த அறிவில் மனிதர்களுக்கு நேராகப் பயன்பட்டது அநேகமாக அது ஒன்றுதான்.

இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. தன்னடக்கம் பாராட்டு விழாக்களில் பேசுவதற்கானது. அந்த விழாவும் முடிந்துவிட்டது. சால்வையும், பெயர் தப்பாக அச்சிட்ட கேடயமும் பரணில் இருக்கின்றன.

நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்மண்டையில் சிறுமூளை என்று ஒரு பகுதி உண்டு. கால் எங்கே போக வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பொறுப்பு. அங்குள்ள பெரிய நரம்பணுக்கள் மரம்போலக் கிளைவிட்டு நிற்கும். மரபணுவில் ஒரு பிழை இருந்தால் அந்த அணுக்களில் ஒரு புரதம் கோணலாக மடிந்து, குப்பைபோல் சேர்ந்து, கடைசியில் அணுவையே சாகடித்துவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிறகு விழுங்கவும் முடியாது. அந்தப் பிழையைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, சுழலும் கோல் ஒன்றின்மேல் அவற்றை ஏற்றி, எப்போது விழுகின்றன என்று பார்ப்பது என் வேலை. விழுந்தவற்றின் மூளையை எடுத்து, ஏன் விழுந்தன என்று பார்ப்பது அடுத்த வேலை.

ஒரு சுண்டெலியைத் தொடுவதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது பயப்படாமல் இருக்கும், வலியில்லாமல் சாகும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூண்டில் மெத்தென்று உமி பரப்ப வேண்டும். இந்த விதிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. குழுவில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவள்தான் நான். சென்னையிலிருந்து உலர்பனியில் வைத்து வரவேண்டிய மருந்துப்பொருள், லாரி நாயுடுபேட்டையில் நின்றுவிட்டதால் வெதுவெதுப்பாக வந்துசேரும் நாட்களில், அதை எந்தப் படிவத்தில் குப்பைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

இத்தனை நோய்களில் இதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். என் அண்ணி விதி என்பார். நிதி கிடைத்தது என்பேன் நான். இந்த நோய் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எங்கள் குடும்பம் புத்தூருக்குப் பக்கத்தில் கரும்பும் மாவும் வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் விவசாயம் பார்த்தார், என்னைப் படிக்க வைத்தார். நகரியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில்தான் முதலில் கவனித்தேன். யாரோ பின்னாலிருந்து கூப்பிட, அண்ணன் திரும்பினார். திரும்பிய வேகத்தில் உடம்பு வந்துவிட்டது, கால் வரவில்லை. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். பந்தி வரிசையில் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"காலையிலயேவா?" என்றார் ஒருவர்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. பம்ப்செட் கொட்டகையில் வைக்கோலைக் கிளறியும், உர மூட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டும் பாட்டில் தேடுவாராம். ஒருநாளும் கிடைத்ததில்லை. கிடைக்காததால் சந்தேகம் தீரவில்லை, கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறார் என்று கோபம் கூடியதுதான் மிச்சம். ஊர் சந்தேகப்பட்டதற்கும் காரணம் இருந்தது. எங்கள் அப்பாவும் (நைனா என்றுதான் கூப்பிடுவோம்) அப்படித் தள்ளாடித்தான் நடந்தார். அவர் உண்மையிலேயே குடித்தார்.

அண்ணனை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது. முடிவு நான் பயந்ததுபோலவே வந்தது. பணிக்காலம் முழுவதும் நான் சுண்டெலிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே பிழை.

மாந்தோப்பில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதையும் சொன்னேன். அவருக்கு ஒரே மகள்.

தோப்பைப் பார்த்தபடி கேட்டார்: "அப்போ நைனாவுக்கு?"

"அவருக்கும் இருந்திருக்கும்."

"ரெண்டையும் வச்சிகினு இருந்திருக்காரு மனுஷன்" என்று சிரித்தார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. ஒங்க அண்ணிகிட்ட கூட" என்றார்.

"அவங்க தெனம் திட்டிகினு கீறாங்களே."

"திட்டட்டும். நல்லா யோசிச்சிப் பாரு. குடிகாரன் பொண்ணுக்கு மாப்பிள்ள கெடப்பான். நம்ம பக்கத்துல குடிக்காத மாமனார் எவன் கீறான்? வியாதிக்காரன் பொண்ண எவன் எடுப்பான்?"

மகளுக்காவது தெரிய வேண்டும், அவள் வயதுவந்த பெண் என்று வாதாடினேன். முடியாது என்றுவிட்டார். சோதனை முடிவு நோயாளிக்குச் சொந்தம். அவர் சம்மதமில்லாமல் அதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட விதிதான் அது. நான் பேசியே ஆக வேண்டிய இடத்தில் என் விதியே என் வாயை அடைத்தது.

எனக்கும் பாதிக்குப் பாதிதானே? முறைப்படி ஆலோசகரிடம் போய், முறைப்படி கையெழுத்துப் போட்டு, இரத்தம் கொடுத்தேன். இல்லை என்று வந்தது.

அண்ணன் மகளுக்குப் பலமனேரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தக்காளி மண்டி வைத்திருக்கும் வீடு, தூரத்து உறவு. பெண்ணைப் பிடித்திருந்தது. பையனின் தாய்மாமன்தான் பேச்சுவார்த்தைக்கு வந்தார். எல்லாம் முடிவான பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. காணிப்பாக்கம் வந்து, இனிமே குடிக்கிறதில்லன்னு சாமி முன்னாடி ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா போதும். எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு தைரியம்."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. போலீசில் பொய் சொல்பவனும், கோர்ட்டில் பொய் சொல்பவனும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் வாய் திறக்க யோசிப்பான். குடியை விட வைக்க, களவை ஒப்புக்கொள்ள வைக்க, அங்கே அழைத்துப்போய்க் குளத்தில் முழுக வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் அவனோடு போகாது, வம்சத்தையே பிடிக்கும் என்பார்கள்.

அண்ணன் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். நானும் திருப்பதியிலிருந்து காரில் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு சந்நிதியில் நின்று, பக்கத்தில் நின்றவர் சொல்லிக்கொடுக்க, தெலுங்கில் திருப்பிச் சொன்னார். "இக ஜீவிதம்லோ தாகனு, சுவாமி." இனி வாழ்நாளில் குடிக்க மாட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே அவர் நாக்கு பாடுபட்டது.

வரிசையில் யாரோ சொன்னார்: "பாவம், கடைசி ரவுண்டு ஒண்ணு போட்டுட்டு வந்துகீறாரு போல."

திரும்பி வரும்போது அண்ணன் காரில் பிரசாதப் பொங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். "இந்தக் கோயில்ல இன்னி வரைக்கும் இவ்ளோ சுலுவா சத்தியத்தக் காப்பாத்தப் போறவன் நான் ஒருத்தன்தான், பாப்பா" என்றார். நானும் சிரித்தேன். எங்கள் சாமர்த்தியத்தில் எங்களுக்கே ஒரு பெருமை.

இதே பரிசோதனையைச் சுண்டெலியில் செய்ய ஒரு மாணவர் திட்டம் கொண்டுவந்திருந்தால் முதல் பார்வையிலேயே ஓட்டையைக் காட்டியிருப்பேன். சத்தியம் குடியை நிறுத்தும், தள்ளாட்டத்தை நிறுத்துமா? சத்தியத்துக்கு முன்னால் தள்ளாடினால் குடிகாரன். பின்னாலும் தள்ளாடினால்? இது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

புத்தூரில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் வைத்தார்கள். தாம்பூலத் தட்டைப் பெண்ணின் தகப்பனார் எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும். வேறு யாராவது கொடுக்கட்டுமே என்று அண்ணி கெஞ்சினார். "பெத்தவன் நான் உயிரோட கீறேன்ல" என்று அண்ணன் தட்டைத் தூக்கினார். நேராக நடந்தவரை சமாளித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினார், விழுந்தார். தேங்காய் உருண்டுபோய்ச் சம்பந்தியம்மாள் காலடியில் நின்றது. வெற்றிலை ஜமக்காளம் முழுக்க.

யாரும் ஓடிவரவில்லை. நானும் அண்ணியும்தான் தூக்கி உட்கார வைத்தோம்.

தாய்மாமன் எழுந்தார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் இருந்தது. "காணிப்பாக்கத்துல முழுவுன ஈரம் கூட காயலயே சாமி. எங்க வூட்டுக்கு இந்தப் பாவம் வேணுமா?"

"பொய் சத்தியம் பண்ணவன் வூட்டுல கை நனைக்கக் கூடாது" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். அவர் எங்கள் பக்கத்துப் பங்காளி.

அப்போது மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நிச்சயத்துக்கு உட்கார வைத்த பெண் கூப்பிடாமல் வெளியே வரக் கூடாது, வந்தாள்.

"எங்க நைனா குடிக்கல, மாமா. கிட்ட வந்து மோந்து பாருங்க."

"நீ உள்ள போம்மா."

"மோந்து பாருங்கன்றேன்ல. சாமி மேல அவ்ளோ பயம் கீதுன்னா மோந்து பாத்துட்டுப் பேசுங்க."

மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய மனிதர் குனிந்து என் அண்ணனின் வாயை முகர்ந்தார். இன்னொரு முறையும் முகர்ந்தார். நிமிர்ந்து தன் மனைவியிடம், "சாராயமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ இது இன்னா நோவு? நீங்க மூளைக்குப் படிச்சவங்கதானே. சொல்லுங்கம்மா."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிடு பாப்பா" என்றார்.

இப்படிப்பட்ட செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அமைதியான அறை வேண்டும். கேட்பவர் தனக்கு நெருங்கிய ஒருவரை உடன் அழைத்துவரலாம். மேசையில் தண்ணீர் இருக்க வேண்டும். முதல் சந்திப்பில் எதையும் முடிவாகச் சொல்லாமல், தெரிந்துகொள்ள விருப்பமா என்று மட்டும் கேட்க வேண்டும். விருப்பமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இதைப் பற்றிப் பயிற்சி முகாம் நடத்தியிருக்கிறேன். என் அண்ணன் மகளுக்கு நான் இதைச் சொன்னது கல்யாண மண்டபத்தில், ஒலிபெருக்கியில் நாதஸ்வர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்க, இரண்டு ஊர் சனங்களுக்கு நடுவில். அவளுக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

தாய்மாமன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "பொண்ணுக்கும் வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி."

மென்மையாகத்தான் சொன்னார், அதை இன்றும் மறுக்க மாட்டேன். "லோடுல பாதி அழுகலா இருக்கலாம்னு தெரிஞ்சா எங்க மண்டியில எவனும் அந்த லோட எறக்க மாட்டாம்மா."

பையன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் சண்டை போடவில்லை, திட்டவில்லை. சத்தியம் பொய்யாகவில்லை என்று தெரிந்ததால் கை நனைக்கத் தடையில்லை, சாப்பிட்டுவிட்டே போனார்கள். வடை நன்றாக இருந்ததென்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

அண்ணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி வருசம் நான் திட்னதெல்லாம்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"அது ஒண்ணும் இல்ல வுடு. பழகிப்போச்சி" என்றார் அவர்.

மகள் கை கழுவும் இடத்தில் நின்று தலையிலிருந்த பூவைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மருந்து கீதா அத்தே?"

"இல்ல கண்ணு."

"வருமா?"

"பாத்துகினு கீறோம்."

"எத்தினி நாளா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பூவை எல்லாம் தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

அதன்பின் அண்ணன் சில வருடங்கள் இருந்தார். முதலில் தடி, பிறகு சக்கர நாற்காலி, பிறகு கட்டில். கடைசியில் கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். அந்த நோயில் அநேகரும் அப்படித்தான் போவார்கள். என் கட்டுரைகளின் முதல் பத்தியிலேயே அதை எழுதியிருப்பேன், மேற்கோள் எண்ணோடு. சாவுக்கு வந்த பங்காளிகள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். ஊர் இரண்டு காரணங்களையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டிருந்தது. குடித்தார், பிள்ளையார் வியாதியைக் கொடுத்தார். நான் திருத்தவில்லை. என் ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்தச் சொல்லி வந்தவர்களோடு வருடக்கணக்கில் சண்டை போட்டவள், வாசலில் போட்ட பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என் வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புரதம் எங்கே மடிகிறது, எதனோடு ஒட்டிக்கொள்கிறது என்று இன்று உலகத்துக்குத் தெரிவதில் ஒரு துளி எங்கள் திருப்பதி ஆய்வகத்திலிருந்து போனது. சில சுண்டெலிகள் கோலின்மேல் கொஞ்சம் கூடுதலாக நின்றன. அந்தக் கொஞ்சத்தை என் அண்ணனிடம் கொண்டுவந்து சேர்க்க என்னால் முடியவில்லை. அவருக்கு நான் கொடுத்தது நோயின் பெயர் மட்டும். அந்தப் பெயர் இல்லாமலிருந்தால் அவர் குடிகாரராகவே இருந்து, மகளுக்கு எங்காவது கல்யாணம் செய்து பார்த்திருப்பார். அது சரியாக இருந்திருக்குமா? விதிப்படி இல்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன்.

மகள் இப்போது சித்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணப் பேச்சை எடுக்க விடுவதில்லை. விடுமுறை நாட்களில் என்னிடம் வருவாள். சென்ற முறை வந்தபோது, சோதனை செய்துகொள்கிறாயா, இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடக்கும், நான் அறைக்குள் கூட வரமாட்டேன் என்று சொன்னேன்.

"நீங்க பண்ணிக்கினீங்களா அத்தே?"

"பண்ணிக்கினேன். எனக்கு இல்ல."

"இல்லன்னதும் சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்திச்சி" என்றேன். "அப்பறம் ரொம்ப நாளைக்கி ஒங்க நைனா மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் தலையாட்டினாள். "மருந்து வந்தா சொல்லுங்க. அன்னிக்கே வந்து ரத்தம் குடுக்கறேன். அது வரைக்கும் எனக்குத் தெரிய வேணாம். பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்துகினு, ஒழுங்கா துன்னுகினு, தூங்கிகினு கீறேன். அது போதும்."

சரி என்றேன். மாதாமாதம் புதிய ஆய்விதழ்களைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம்பிக்கை தரும் தலைப்புகள் நிறைய வருகின்றன. தலைப்பு எழுதுவது எப்படி என்று தெரிந்தவள் என்பதால் கடைசிப் பத்தியை முதலில் படிக்கிறேன்.

அன்று சாயங்காலம் இருவரும் ரைத்து பஜாருக்குக் காய்கறி வாங்கப் போனோம். திரும்பும்போது நடைபாதை குறுகலாக இருந்ததால் அவள் முன்னால் போனாள், நான் பின்னால். இரண்டு கையிலும் பை. மேடுபள்ளமான இடத்தில் அவள் கால் எப்படி விழுகிறது, வளைவில் பாதம் எவ்வளவு அகலமாக வைக்கிறாள், மாட்டுக்கு ஒதுங்கும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று என் கண் குறித்துக்கொண்டே வந்தது. நான் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. வேறு எப்படி நடையைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது.

சட்டென்று நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: "நீங்க முன்னாடி போங்க அத்தே."

"ஏன், இன்னா?"

"என் காலையே பாத்துகினு வர்றீங்க. முதுகுல ஏதோ ஊர்ற மாதிரி கீது. எனக்குத் தெரிய வேணாம்னு சொன்னேன்ல. ஒங்களுக்கும் தெரிய வேணாம்."

அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். இப்போதெல்லாம் அவள் வந்தால் எங்கே போனாலும் நான்தான் முன்னால் நடக்கிறேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன்.